கிளவுடா, தனி சர்வரா?

தளத்துக்கு வருகிற கூட்டம் மாதாமாதம் ஒரே அளவுதான், வீடியோ நிறைய, கிளவுட் எடுக்கலாமா தனி சர்வரா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வைத்துப் பார்த்தால் தனி சர்வர்தான், அதாவது உங்களுக்கு மட்டும் என்று மாத வாடகைக்கு எடுக்கிற ஒரு முழு சர்வர்.

கிளவுட் என்பது மீட்டர் போட்ட ஆட்டோ மாதிரி, பெரிய நிறுவனத்தின் சர்வர்களை வேண்டும்போது எடுத்து, பயன்படுத்திய அளவுக்குக் காசு கொடுப்பது. தேர்வு முடிவு வெளியிடும் தளம் போல ஒரு நாள் கூட்டம் அள்ளி மறுநாள் ஈ ஓட்டுகிற இடத்தில், காலையில் பத்து சர்வரை ஏற்றி சாயங்காலமே இறக்கிவிடலாம், அங்கே அது லாபம். தினமும் ஒரே ஓட்டம் என்றால் எதற்கு மீட்டர்? அப்புறம், பலர் பில் வந்த பிறகுதான் கவனிப்பது, சர்வரிலிருந்து பார்வையாளர்களுக்கு வெளியே போகிற டேட்டாவுக்கான கட்டணம்; வீடியோ என்றால் அது நிறையப் போகும். அமேசான் கிளவுடின் அமெரிக்க மையங்களில் மாதம் 100 ஜிபி வரை இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு சுமார் 9 சென்ட். 5 டிபி (ஒரு டிபி சுமார் 1,000 ஜிபி) போனால் 450 டாலரை ஒட்டி வரும், சர்வர் வாடகை வேறு. தனி சர்வரில் பெரும்பாலும் பல டிபி வாடகையிலேயே அடங்கிவிடும். பேஸ்கேம்ப் என்ற வேலை நிர்வாக மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம், 2022-ல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவானதாகக் கணக்கை வெளியிட்டுவிட்டு, சொந்த சர்வர்களுக்கு மாறியது.

சரி, தொல்லை இல்லையா என்றால், இருக்கிறது. ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் எழுதுகிற ஏற்பாடு, போட்ட சர்வரில் ஒரு டிஸ்க் செத்தாலும் தளம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதனாலேயே பலருக்கு அது தெரியாது, இரண்டாவதும் போகும்போதுதான் அலறுவார்கள். டிஸ்க் பழுதானால் மெயில் வரும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள். பேக்கப் வேறு நிறுவனத்தில் இருக்கட்டும், அதற்கு வேண்டுமானால் கிளவுட் எடுத்துக்கொள்ளுங்கள்.