தொண்டையில் தங்கும் டிப்தீரியா கிருமி இதயத்தை எப்படிப் பாதிக்கிறது?

தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவை உண்டாக்கும் கோரினிபாக்டீரியம் டிப்தீரியே என்ற பாக்டீரியா, பெரும்பாலும் தொண்டையையும் மூக்கையும் தாண்டி உடலுக்குள் பரவுவதில்லை. இரத்தத்தில் கலந்து இதயத்தைச் சென்றடைவது அது சுரக்கும் நச்சுப் புரதமே. அந்த நச்சுக்கான மரபணுகூட பாக்டீரியாவுக்குச் சொந்தமானதன்று, அதைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்பது உண்மையிலேயே வியப்புக்குரியது.

உயிரணுவுக்குள் நுழையும் நச்சு, புரத உற்பத்திக்கு இன்றியமையாத ஒரு காரணியைச் செயலிழக்கச் செய்வதால், அந்த உயிரணு மடிகிறது. தொண்டையில் இவ்வாறு இறந்த உயிரணுக்களும் வெள்ளணுக்களும் இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதமும் சேர்ந்து சாம்பல் நிறப் படலமாகப் படிந்து மூச்சுவழியை அடைக்கக்கூடும். அதைப் பிய்த்தெடுக்க முயன்றால் இரத்தம் கசியும். இதயத் தசையில் அழற்சியும் துடிப்புக் கோளாறும், நரம்புகள் பாதிக்கப்படுவதால் தசைச் செயலிழப்பும் தோன்றுகின்றன. தொண்டை தேறிச் சில வாரங்கள் கழித்தும் இவை வரலாம் என்பதால், நோயாளியைக் கண்காணிப்பதை அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது.

உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட நச்சை, 1890-களில் பயன்பாட்டுக்கு வந்த எதிர்நச்சு மருந்தால் முறிக்க முடியாது. ஆகவே, ஐயம் வலுத்தவுடனேயே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் அதைச் செலுத்துகிறார்கள். ஆன்டிபயாடிக் மருந்து கிருமியை அழித்துப் புதிய நச்சு உருவாவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே சுரந்ததை நீக்காது.