அர்க்கத்தாவோவுக்கு மாடிசன் என்ன செய்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வதோரின் உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில், அமெரிக்காவின் மாடிசன் நகரம் 1986இல் அர்க்கத்தாவோ என்ற மலையூரைச் சகோதர நகரமாக ஏற்றதை ஒரு வரியில் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. சகோதர நகரம் என்றால் இரண்டு மேயர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது, அவ்வளவுதானே? ஒரு நகராட்சித் தீர்மானம் அந்நாட்டு ராணுவத்தின் குண்டுவீச்சை நிறுத்திவிடுமா? அந்தக் குண்டுக்குப் பணம் கொடுத்ததே அமெரிக்காதான். அடிப்பதும் அவர்கள், மருந்து தடவுவதும் அவர்கள் என்றால் அதைத் தோழமை என்பது எப்படி?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

குண்டுக்கான பணம் அமெரிக்காவிலிருந்து போனது என்கிறீர்கள். மாடிசனின் தீர்மானத்துக்கு மதிப்பு வந்ததே அதனால்தான். சுவீடனில் ஓர் ஊர் அதே தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தால் தலைநகர் சான் சால்வதோரில் எந்தக் கர்னலும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்.

1980களில் எல் சால்வதோர் அரசுக்கு வாஷிங்டன் கொடுத்த உதவி, சராசரியாக நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல். அதை ஒதுக்குவது அமெரிக்க நாடாளுமன்றம். அதன் உறுப்பினர்களுக்கு மாடிசன்காரர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். சால்வதோர் ராணுவத்துக்கு இது நன்றாகவே தெரியும்.

இந்தப் பக்கம் நிலைமையைப் பாருங்கள். அர்க்கத்தாவோ இருப்பது ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய சலாத்தெனாங்கோ பகுதியில். 1980 மே 14 அன்று சும்புல் ஆற்றைக் கடந்து தப்ப முயன்ற விவசாயக் குடும்பங்களை ராணுவமும் அதன் துணைப்படைகளும் சுட்டுக் கொன்றன. மறுகரையில் ஹோண்டுராஸ் படை வழிமறித்தது. குறைந்தது 300 பேர் இறந்ததாக, போர்க்காலக் கொடுமைகளை விசாரித்த ஐ.நா. உண்மை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. அடுத்த சில வருடங்களில் அங்கே ஊர் ஊராகக் காலியானது. அரசை எதிர்த்துப் போரிட்ட இடதுசாரிக் கெரில்லாக்களுக்குச் சோறு போட ஆளே இருக்கக்கூடாது என்பது ராணுவத்தின் கணக்கு. ஏராளமானவர்கள் ஹோண்டுராஸில் மெசா கிராந்தே அகதி முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

அப்புறம்தான் அவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். போர் முடியவில்லை, யாரும் வாருங்கள் என்று அழைக்கவும் இல்லை. 1986 ஜூனில் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்திருந்தவர்கள் சான் ஹோசே லாஸ் ஃபுளோரெஸில் மீண்டும் குடியேறினார்கள். 1987 அக்டோபரில் மெசா கிராந்தேவிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் கிளம்பி வந்தார்கள். சகோதர நகரங்கள் பிறந்தது இந்த மீள்குடியேற்றத்தோடு சேர்ந்துதான். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரம் லாஸ் ஃபுளோரெஸைச் சகோதர ஊராக ஏற்றதும் 1987இல்தான். இதில் கைகுலுக்க மேயர் ஏது? அந்த ஊர்களை நடத்தியது மக்களே தேர்ந்தெடுத்த ஊர்க்குழுக்கள். வெளியூர்க்காரர்கள் பேசியதும் அவர்களோடுதான்.

இது எப்படி வேலை செய்தது? மருந்து, உரம், தானியம் எதுவாக இருந்தாலும் கெரில்லாவுக்குப் போகிறது என்று சொல்லி ராணுவச் சாவடியில் மறித்துவிடுவார்கள். ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால், அவர் உயிரோடு திரும்புவாரா என்பது முதல் சில நாட்களில் தெரிந்துவிடும். செய்தி தலைநகருக்கு வரும், அங்கிருந்து தொலைபேசியில் அமெரிக்க ஊருக்குப் போகும். உடனே அவரைப் பிடித்துவைத்த ராணுவ முகாமின் தளபதிக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்கும் தந்திகள் வரும், தொகுதி உறுப்பினர் அலுவலகத்துக்கு போன் மேல் போன் போகும். பிடிபட்டவரின் பெயர், ஊர், தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு முறையும் பலித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயர் வெளியே போய்விட்ட ஒருவரைக் காணாமல் ஆக்குவது, யாருக்கும் தெரியாத ஒருவரைக் காணாமல் ஆக்குவதைவிடக் கஷ்டம். வெளிநாட்டுக்காரர்கள் ஊரிலேயே வந்து தங்கியதும் இதற்காகத்தான். சிலரை ராணுவம் பிடித்து நாடு கடத்தவும் செய்தது.

உள்ளூர் ஆட்கள் போய்ப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு ஜோ மோக்லி நல்ல உதாரணம். பாஸ்டன் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1983இல் அவருடைய தொகுதிக்காரர்கள் சிலர் வந்து எல் சால்வதோர் அகதிகளைப் பற்றிப் பேசும் வரை அந்த நாட்டில் அவருக்குத் தனி அக்கறை இருந்ததில்லை. 1989 நவம்பரில் ஆறு இயேசு சபைப் பாதிரியார்களையும் அவர்கள் வீட்டுச் சமையல்காரப் பெண்ணையும் அவருடைய மகளையும் ராணுவத்தினர் கொன்றபோது, அதை விசாரித்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். 1990இல் ராணுவ உதவியில் பாதியை நிறுத்திவைக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. அடுத்த ஜனவரியிலேயே அதிபர் புஷ் அதை மறுபடி திறந்துவிட்டார் என்பது வேறு கதை.

இது நடுநிலையான நட்பும் இல்லை. திரும்பி வந்த ஊர்கள் பெரும்பாலும் கெரில்லாக்கள் பக்கம் சாய்ந்தவை, உதவப் போனவர்களுக்கும் அது தெரியும். கெரில்லாக்களும் கொலைகள் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் உண்மை ஆணையத்துக்கு வந்த புகார்களில் ஏறக்குறைய 85 சதவீதம் அரசுப் படைகள், அவற்றோடு சேர்ந்த ஆயுதக் குழுக்கள், கொலைப்படைகள் மீதுதான். கெரில்லாக்கள் மீது சுமார் 5 சதவீதம். தெரிந்தே ஒரு பக்கம் நின்றார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

1992 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. பள்ளிக்கூடம் கட்ட, படிப்புக்கு உதவ என்று பணம் போனது. நல்ல காரியங்கள்தான், ஆனால் உங்கள் சந்தேகம் இந்தக் காலத்துக்குக் கொஞ்சம் பொருந்தும். கொடுப்பவரும் வாங்குபவரும் என்று ஆகிவிட்டால் சமமாக உட்கார்ந்து பேசுவது சிரமம்.

உறவு மறுபடி சூடுபிடித்தது தங்கச் சுரங்கத்தால். ஆற்று நீரை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் சுரங்கம் வேண்டாம் என்றன. லாஸ் ஃபுளோரெஸ் 2014இல் ஊர் வாக்கெடுப்பு நடத்தி ஏறக்குறைய ஒருமனதாக மறுத்தது. 2017இல் உலோகச் சுரங்கம் முழுவதையும் தடை செய்த முதல் நாடானது எல் சால்வதோர். 2024 டிசம்பரில் அதிபர் புக்கேலேயின் ஆட்சி அந்தத் தடையை நீக்கிவிட்டது.

இனி மாடிசன் என்ன செய்ய முடியும்? அந்த நாட்டில் சுரங்கத்துக்காக வழக்காடிய நிறுவனம் கனடாவைச் சேர்ந்தது, பிறகு அதை வாங்கியது ஆஸ்திரேலியாவிலிருந்து இயங்கிய நிறுவனம். நாளை வருவது யாரோ. 1986இல் மாடிசன்காரர்கள் தங்கள் வரிப்பணத்தைப் பற்றிக் கேட்டார்கள், அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. சுரங்க நிறுவனங்களின் பணத்தின் மீது அவர்களுக்கு அந்தப் பிடி இல்லை. அதனால் பழைய வழி அப்படியே பலிக்கும் என்று நான் நம்பவில்லை.