சாய்ந்தால் கார்டு வளையட்டும், இன்ஜின் தப்பட்டும்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. ஹிமாலயன் 450 பைக் ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை ஊட்டி, கல்லட்டி, மசினகுடி வழியாக மைசூர் போய் வருவேன். மூன்று மாதத்தில் இரண்டு முறை வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டது. இரண்டு தடவையும் பள்ளத்துப் பக்கமாகத்தான். இன்ஜின் கவரில் கீறல். வண்டி விழுந்தால் இன்ஜினைக் காக்கிற கிராஷ் கார்டு ஒன்றை உள்ளூர் பட்டறையில் செய்து போடலாம் என்றிருக்கிறேன். என்ன பைப், எத்தனை இடத்தில் பிடிக்க வேண்டும்? பைப்புக்குப் பதில் கெட்டிக் கம்பியிலேயே செய்தால் என்ன?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டிக் கம்பி வேண்டாம்.

போன ஐப்பசி மழையில் குன்னூரில் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. 16 மில்லி கம்பியை வளைத்து யாரோ செய்து கொடுத்த கார்டு. விழுந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்ட் போயிருந்தது, அவ்வளவுதான். கம்பி துளியும் வளையவில்லை. வண்டிக்காரர் அதைப் பெருமையாகத்தான் காட்டினார். நான் இன்ஜினைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். கார்டு பிடித்திருந்த மவுண்டிங் காது (போல்ட் மாட்டுவதற்காக இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) இன்ஜினோடு சேரும் மூலையில், தலைமுடி கனத்தில் ஒரு கருப்புக் கோடு எழுந்தது. விரல் வைத்தால் எண்ணெய். அலுமினிய வார்ப்பு இரும்பைப் போல வளைந்து கொடுக்காது, விரிசல்தான் விடும். கார்டு தப்பித்துக்கொண்டு அடியை இன்ஜினுக்கு அனுப்பிவிட்டது.

சாய்கிற வண்டிக்கு எவ்வளவு அடி என்று பார்ப்போம். உங்கள் வண்டி 196 கிலோ. சாமானும் சேர்த்து 200 என்றே வையுங்கள். எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், சமதரையில் வண்டி 60 டிகிரி சாய்ந்து கார்டு தரையைத் தொடுவதற்குள் அந்த மையம் 27 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதாவது 200 கிலோ மூட்டையை ஒரு சாணுக்குச் சற்று மேலிருந்து போட்ட மாதிரி. இந்த அடி முழுவதையும் கார்டே வாங்கி, 2 சென்டிமீட்டர் வளைவதற்குள் நிறுத்தினால் மவுண்டிங்கில் ஏறுகிற சராசரிப் பாரம் இரண்டே முக்கால் டன். 5 சென்டிமீட்டர் வளைந்து நிறுத்தினால் ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான். டயரும் ஹேண்டில்பாரும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளும் என்பதால் நடைமுறையில் இன்னும் குறையும். ஆனால் விகிதம் இதுதான்.

இது சமதரைக் கணக்கு. உங்கள் வீட்டு வாசலும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் சமதரை அல்ல. 15 டிகிரிச் சரிவில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் வண்டி 60-க்குப் பதில் 75 டிகிரி போய்த்தான் தரையைத் தொடும். மையம் இறங்குவது 41 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கீழ்நாட்டில் நன்றாக உழைக்கும் கார்டு மலையில் மடங்கிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பள்ளத்துப் பக்கம் கால் எட்டாது என்பதால் நாம் விழுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

சரி, பைப். ஒரு இன்ச் விட்டம், 14 கேஜ், அதாவது 2 மில்லி சுவர் உள்ள மைல்டு ஸ்டீல் பைப் கேளுங்கள். மீட்டருக்கு 1.15 கிலோ வரும். அந்த 16 மில்லி கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. கம்பியைவிட எடை குறைவு, விறைப்போ மூன்று மடங்கு. ‘விறைப்பு கூடினால் அடி இன்ஜினுக்குத்தானே போகும்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்தக் கம்பிக் கார்டில் கம்பி குட்டை, இன்ஜின் காதை ஒட்டியே பிடித்திருந்தது, வளைய அதற்கு இடமே இல்லை. பைப்பில் பிடிமானங்களுக்கு நடுவே நீளமான வளைவு விட்டால், அந்த வளைவு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் பைப்பை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பளபளப்பாக இருக்கும், சுவர் பெரும்பாலும் 18 கேஜ், 1.2 மில்லிதான். வளைக்கும்போதே உள்பக்கம் சுருக்கம் விழும், அடி பட்டால் அந்தச் சுருக்கத்தில்தான் மடங்கும். தண்ணீர்க் குழாய்க்கான ஜிஐ பைப்பும் வேண்டாம். துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தால் புகை உடம்புக்குக் கேடு, வெல்டிங்கிலும் ஓட்டை விழும்.

வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஹைட்ராலிக் பெண்டர் இல்லாத பட்டறையில் மணல் அடைத்துக் காய்ச்சி வளைப்பார்கள். அது நல்ல பழைய முறைதான், ஆனால் மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணல் ஆவியாகி அடைப்பைத் தெறிக்க வைக்கும், பக்கத்தில் நிற்கிறவருக்கு ஆபத்து.

பிடிமானம் ஒரு பக்கத்துக்கு மூன்று இடம்: மேலே முன் சேஸிஸ், கீழே இன்ஜின் மவுண்டிங் அல்லது அடிச் சட்டம், பின்னால் ஃபுட்ரெஸ்ட் பக்கத்துச் சட்டம். ஒரே இடத்தில் பிடித்தால் கார்டு நெம்புகோலாகி அந்த ஒரு போல்ட்டையே திருகும். இடது, வலது இரண்டையும் முன்னால் ஒரு குறுக்குப் பைப்பால் இணையுங்கள். ஒரு பக்க அடியை மறுபக்கமும் பகிர்ந்துகொள்ளும். முன் சக்கரம் 200 மில்லி மேலேறும் வண்டி இது. ஃபோர்க் முழுக்க அமுங்கினாலும் சக்கரமும் மட்கார்டும் அந்தக் குறுக்குப் பைப்பைத் தொடக் கூடாது. இன்ஜின் போல்ட்டை நீளமானதாக மாற்றினால் பழைய போல்ட்டின் தலையில் உள்ள கிரேடு எண்ணையே பார்த்து வாங்குங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை தெரிய வேண்டும். சேஸிஸில் எதையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள், கிளாம்ப் போதும்.

அப்புறம், அளவு எடுக்கிற வேலை. இதைப் பட்டறைக்காரரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நேரான ஒரு ரீப்பர் கட்டையின் அடியை, இரண்டு டயரும் தரையைத் தொடும் கோட்டில் வைத்து, மேல் நுனியை வண்டிப் பக்கமாக மெல்ல உயர்த்துங்கள். அந்தக் கட்டைதான் நாளைக்கு நீங்கள் விழப்போகும் தரை. முதலில் ஃபுட்ரெஸ்ட் படும், அது மடங்கிக்கொள்ளும். அடுத்து கார்டு பட வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டுக்கு முன்னால் கார்டு பட்டால், வளைவில் சாய்த்து ஓட்டும்போது ரோட்டில் உரசி உங்களையே தூக்கிப் போடும். கட்டை கார்டைத் தொட்டு நிற்கும்போது இன்ஜின் கவருக்கும் கட்டைக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். 5 சென்டிமீட்டர் வளையப்போகிறது, நம் ரோட்டோரம் கல்லும் காரை விளிம்புமாகத்தான் இருக்கும். கட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி ரேடியேட்டர், டேங்க், பின்னால் பெட்டி எல்லாவற்றையும் பாருங்கள்.

கார்டை வண்டியில் வைத்து டேக் அடிக்கும்போது, அதாவது அங்கங்கே புள்ளி வெல்டிங் வைக்கும்போது, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பை இன்ஜினில் மாட்டக் கூடாது. முழு வெல்டிங், கார்டை வண்டியிலிருந்து கழற்றிய பிறகுதான். பைப் முனைகளை மூடி, ஆகத் தாழ்ந்த இடத்தில் 4 மில்லி ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. உள்ளே தண்ணீர் நின்றால் பவுடர் கோட்டிங் பளிச்சென்று இருக்கும்போதே பைப் உள்ளிருந்து துரு ஏறும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது வண்டிக்கான காவல், உங்கள் காலுக்கானது அல்ல. 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. கார்டு இருந்த வண்டிகளில் பாதம், கணுக்கால் காயம் குறைந்த அளவுக்கு முழங்கால், தொடைக் காயம் கூடியிருந்தது. கார்டு மாட்டியாகிவிட்டது என்று பூட்ஸைக் கழற்றிவிடாதீர்கள்.

ஒரு முறை நன்றாக விழுந்து கார்டு வளைந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சி நிமிர்த்தித் திரும்ப மாட்ட வேண்டாம், வளைந்த பக்கத்தைப் புதிதாகச் செய்யுங்கள், போல்ட்டுகளையும் மாற்றுங்கள். இன்ஜின் காதுகளைத் துடைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

வீட்டு வாசலுக்கு இன்னொரு யோசனை. வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க, முதல் கியரில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டு இருக்கும் இடது பக்கம் பள்ளமாக இருந்தால் வண்டி அதிகம் சாயும், மேடாக இருந்தால் நிமிர்ந்து மறுபக்கம் விழும். அந்த இடத்தில் ஒரு சதுர அடிக்கு, வண்டி சரியாக நிற்கிற உயரத்துக்கு, சிமென்ட் போட்டுச் சமப்படுத்துங்கள். பட்டறைக்கு வருவதற்கு முன்னாலேயே செய்துவிடலாம்.