1,337 கிலோவுக்குள் ஒரு செவ்வாய்ப் பயணம்: மங்கள்யான் கேள்வி-பதில்

இஸ்ரோ செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலமான மங்கள்யானின் திட்டமிடலையும் உருவாக்கத்தையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பதினைந்தே மாதத்தில் செய்து முடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஒப்புதலுக்கும் ஏவுதலுக்கும் இடைப்பட்ட காலம் 15 மாதம்தான். 2012 ஆகஸ்ட் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் மன்மோகன் சிங் செங்கோட்டையில் அறிவித்தார். 2013 நவம்பர் 5 பிற்பகல் 2.38க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. ஆனால் வெற்றுத் தாளிலிருந்து யாரும் தொடங்கவில்லை. 2010இலேயே சாத்தியக்கூறு ஆய்வு நடந்துவிட்டது. விண்கலத்தின் உடற்கூடு, சந்திரயான்-1 உள்ளிட்ட கலங்களில் நிரூபணமான ஐ-1கே வகை. எரிபொருள் தொட்டி, 440 நியூட்டன் திரவ எஞ்சின், கலத்தைத் திருப்பும் சுழல் சக்கரங்கள் எல்லாம் முன்பே பறந்தவற்றின் வழித்தோன்றல்கள். புதிதாக யோசிக்க வேண்டியிருந்தவை மூன்று: பத்து மாதம் உறங்கிய எஞ்சினை எழுப்புவது, தரையின் உதவியில்லாமல் கலம் தானே முடிவெடுப்பது, கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பேசுவது. காலமும் உழைப்பும் போனது இந்த மூன்றுக்குத்தான். 454 கோடி ரூபாயில் திட்டம் முடிந்ததற்கும் இந்த மறுபயன்பாடு ஒரு பெரிய காரணம்.

கேள்வி: ஓரிரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் என்ன?

தள்ளினால் 26 மாதம் தள்ள வேண்டும். பூமியும் செவ்வாயும் சிக்கனப் பயணத்துக்கு ஏற்ற நிலைக்கு ஏறக்குறைய 780 நாளுக்கு ஒருமுறைதான் வருகின்றன. 2013ஐ விட்டால் 2016, அதையும் விட்டால் 2018. இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பூமியை விட்டுக் கிளம்ப உகந்த நாள் டிசம்பர் 1. அதற்கு முன் பூமியைச் சுற்றிச் சுற்றி வட்டப்பாதையை உயர்த்த சில வாரங்கள் தேவை. அதனால் ஏவுதலுக்குக் கிடைத்தது அக்டோபர் 28 முதல் நவம்பர் 19 வரைதான்.

முதலில் குறித்த நாள் அக்டோபர் 28. மூன்றாம் கட்டம் அணைந்த பிறகு சுமார் 25 நிமிடம் ராக்கெட் எரியாமலே மிதந்து சென்று, தென் பசிபிக் மேல்தான் நான்காம் கட்டத்தைப் பற்றவைக்க வேண்டும். அங்கே நமக்குத் தரை நிலையம் இல்லை. எனவே நாளந்தா, யமுனா என்ற இரண்டு கப்பல்களில் ஆன்டெனாக்களை ஏற்றி அனுப்பினார்கள். மோசமான வானிலையால் கப்பல் போய்ச் சேரத் தாமதமானது, ஏவுதலும் ஒரு வாரம் தள்ளியது. திட்டத்தில் நாள் இருப்பு வைப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதையே காட்டலாம்.

கேள்வி: பெரிய ராக்கெட்டான ஜி.எஸ்.எல்.வி. இருக்க, சிறிய பி.எஸ்.எல்.வி. எதற்கு? நேராகச் செவ்வாய்க்கு அனுப்பாமல் ஏன் சுற்றவிட்டார்கள்?

2010இல் ஏப்ரலிலும் டிசம்பரிலும் ஜி.எஸ்.எல்.வி. இரண்டு முறை தோற்றது. காத்திருந்தால் 2013 போய்விடும். கையில் நம்பிக்கையான ராக்கெட் பி.எஸ்.எல்.வி. எக்ஸ்.எல். ஒன்றுதான். அந்த ராக்கெட்டால் இவ்வளவு எடையைச் செவ்வாய்ப் பாதையில் நேராகச் செலுத்த முடியாது. 250 x 23,500 கிலோமீட்டர் (மிக அருகே 250, மிகத் தொலைவில் 23,500) நீள்வட்டத்தில் விட்டுவிடும், மீதித் தூரத்தைக் கலம் தன் எரிபொருளால் கடக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் மற்ற எல்லா முடிவுகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது எங்கள் கருத்து.

மொத்த எடை 1,337 கிலோ. அதில் எரிபொருள் மட்டும் 852. அறிவியல் கருவிகள் ஐந்தும் சேர்ந்து 15 கிலோவுக்குள். எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன், அதாவது தரையில் 45 கிலோ மூட்டை ஒன்றைத் தாங்கும் அளவு. முழு எடையோடு இருக்கும் கலத்துக்கு அது வினாடிக்கு வினாடி கூட்டித் தரும் வேகம் 33 சென்டிமீட்டர். இவ்வளவு மெல்லிய தள்ளலை ஒரே மூச்சில் நீட்டி எரித்தால், கலம் பூமியை விட்டு உயரே போன பிறகும் எரிந்துகொண்டிருக்கும், எரிபொருள் விரயம். பூமிக்கு மிக அருகே, மிக வேகமாகப் பறக்கும் அந்தச் சில நிமிடங்களில் எரித்தால்தான் ஒவ்வொரு கிலோவுக்கும் அதிகப் பலன். அதனால் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். நவம்பர் 16இல் தொலைப்புள்ளி, அதாவது பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான இடம், 1,92,874 கிலோமீட்டர் ஆனது. டிசம்பர் 1 நள்ளிரவு 12.49க்குத் தொடங்கிய 22 நிமிட எரிப்பு வினாடிக்கு 648 மீட்டர் கூட்டி, கலத்தைப் பூமியின் பிடியிலிருந்து விடுவித்தது. அதற்குச் செலவு சுமார் 190 கிலோ.

செவ்வாயில் 422 x 77,000 கிலோமீட்டர் என்று அவ்வளவு நீண்ட பாதை ஏன் என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. அங்கே வேகத்தை வினாடிக்கு 1,099 மீட்டர் குறைக்க 249.5 கிலோ செலவானது. மிஞ்சியது 40 கிலோ சொச்சம். 422 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதை வேண்டுமென்றால் மேற்கொண்டு சுமார் 1,280 மீட்டர் குறைக்க வேண்டும். கையில் 250 கிலோ அளவுக்கு எரிபொருள் இருந்தால்தான் அது நடக்கும். அதையும் பூமியிலிருந்தே சுமந்து போயிருந்தால் முந்தைய எரிப்புகள் எல்லாவற்றுக்கும் எரிபொருள் கூடும். பி.எஸ்.எல்.வி. தூக்கியிருக்காது.

கேள்வி: நவம்பர் 11 அன்று நான்காவது உயர்த்தல் ஏன் பாதியில் நின்றது? எஞ்சின் கோளாறா?

எஞ்சின் பழுதாகவில்லை. எரிபொருளைத் திறந்துவிடும் சோலனாய்டு வால்வில் இரண்டு மின்சுருள்கள்: ஒன்று முதன்மை, மற்றது மாற்று. மாற்று ஏற்பாடுகள் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு உயர்த்தலிலும் ஒன்றைச் சோதித்து வந்தார்கள். அன்று இரண்டு சுருள்களுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்தபோது எஞ்சினுக்குப் போகும் ஓட்டம் நின்றுவிட்டது. கலம் தானாகச் சிறு உந்திகளுக்கு மாறித் தொடர்ந்தது, ஆனால் வினாடிக்கு 130 மீட்டர் கிடைக்க வேண்டிய இடத்தில் 35தான் கிடைத்தது. மறுநாள் அதிகாலையிலேயே துணை எரிப்பு நடத்தி ஈடுகட்டினார்கள். இரண்டு சுருளையும் சேர்த்து இயக்கக் கூடாது, ஒன்றை அடுத்து மற்றதை இயக்கலாம் என்பது அன்றைக்குத் தெரிந்துகொண்டது. செவ்வாயின் வாசலில் தெரிந்திருந்தால் திரும்ப முயல வாய்ப்பே இருந்திருக்காது.

கேள்வி: 300 நாள் சும்மா இருந்த எஞ்சின் பற்றாது என்று ஏன் அவ்வளவு பயம்?

எரிபொருள் மோனோமெத்தில் ஹைட்ரசீன், ஆக்சிஜனேற்றி நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும். டெட்ராக்சைடின் ஆவி உலோகத்தை அரிக்கும், வால்வின் அடைப்பு வளையங்களை ஊதவைக்கும், நுண்ணிய கசிவாக எரிபொருள் குழாயின் பக்கம் ஊடுருவும். 1993இல் அமெரிக்காவின் மார்ஸ் அப்சர்வர், போய்ச் சேர மூன்று நாள் இருக்கும்போது தொட்டிகளை அழுத்தமூட்டுகையில் தொடர்பை இழந்தது. இப்படிக் கசிந்த திரவங்கள் குழாய்க்குள் சந்தித்ததே மிக வாய்ப்புள்ள காரணம் என்று விசாரணை சொன்னது.

மங்கள்யானில் இதற்குக் கண்ட வழி எளிது, ஆனால் எடை கேட்பது: எஞ்சினுக்கு இரண்டாவது குழாய்ப்பாதை, தனி வால்வுகளோடு. பூமியருகே ஒரு பாதை, அதை மூடிய பின் செவ்வாய்க்கென்று புதுப் பாதை. போதாக்குறைக்கு 2014 செப்டம்பர் 22 அன்று எஞ்சினை 4 வினாடிக்குச் சற்றுக் குறைவாக எரித்துப் பார்த்தார்கள். அது பற்றாமல் போயிருந்தால் எட்டு 22 நியூட்டன் உந்திகளை வைத்து நீண்ட நேரம் எரிக்கும் திட்டம் தயாராக இருந்தது. பாதை மோசமாகியிருக்கும், கலம் கைவிட்டுப் போயிருக்காது.

கேள்வி: பெங்களூரிலிருந்து ரிமோட் மாதிரி இயக்க முடியாதா?

கலம் செவ்வாயை அடைந்த 2014 செப்டம்பர் 24 அன்று சமிக்ஞை ஒருவழி போகவே சுமார் 12.5 நிமிடம் ஆனது. எஞ்சின் எரிந்தது 1,389 வினாடி, அதாவது 23 நிமிடம். கோளாறு என்று தகவல் வந்து, நாம் ஆணை அனுப்பி, அது போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மேலும் எரிப்பின் பெரும்பகுதி நடந்தது கலம் செவ்வாயின் பின்னால் மறைந்திருந்தபோது. ஆகவே ஆணைத் தொடரை நாட்கள் முன்பே ஏற்றிச் சரிபார்த்துவிட்டார்கள். எப்போது அணைப்பது என்பதைக் கடிகாரத்திடம் மட்டும் விடாமல், முடுக்கமானி வேக மாற்றத்தை அளந்து, தேவையானது கிடைத்ததும் நிறுத்தும்படி அமைத்தார்கள். உந்துவிசை சற்றுக் குறைந்தால்கூடப் பாதை கெடாது.

கேள்வி: தமிழ்நாட்டில் நடந்த வேலை ஏதாவது உண்டா?

உண்டு. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் எரியும் விகாஸ் எஞ்சினைச் சோதிக்கும் இடம் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரி. திட்ட இயக்குநர் சுப்பையா அருணனின் சொந்த மாவட்டமும் நெல்லைதான். திட்டத் தொகுப்பின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி அருகே கோதவாடிக்காரர்.

கேள்வி: மீத்தேன் கண்டுபிடித்ததா?

இல்லை. மீத்தேனின் தடத்தை மற்ற வாயுக்களின் தடத்திலிருந்து பிரித்துக் காட்டும் திறன், அதைத் தேட ஏற்றிய கருவியின் வடிவமைப்பில் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதன் தரவைச் செவ்வாயின் எந்த இடம் எவ்வளவு சூரிய ஒளியைத் திருப்புகிறது என்று காட்டும் ஒளிதிருப்பு வரைபடத்துக்குப் பயன்படுத்தினார்கள். 15 மாத அவசரத்துக்குக் கொடுத்த விலைகளில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். 1.27 கிலோ எடையுள்ள வண்ணக் கேமராவோ எதிர்பார்த்ததற்கு மேல் தந்தது. சிக்கனத்துக்காக ஏற்ற நீண்ட பாதைதான் செவ்வாயின் முழு வட்டையும் ஒரே படத்தில் பிடிக்க உதவியது.

கேள்வி: கல்லூரிப் பயிற்சிக்காகச் செவ்வாய்த் திட்டம் ஒன்றை வடிவமைக்கிறோம். எங்கே தொடங்குவது?

கருவிப் பட்டியலில் தொடங்காதீர்கள். முதலில் கிளம்பும் நாள், அன்றைக்குத் தேவையான வேக மாற்றம். அடுத்து ராக்கெட் எவ்வளவு எடையை எந்தப் பாதையில் விடும் என்பது. அதிலிருந்து எரிபொருளைக் கழியுங்கள், பிழை ஏற்பட்டால் திருத்த ஒதுக்கீடு வையுங்கள். மிஞ்சியதில்தான் கருவிக்கு இடம்.

மின்சாரத்தைச் செவ்வாயின் தூரத்தில் கணக்கிடுங்கள். அங்கே சூரிய ஒளி சராசரியாகப் பூமியில் கிடைப்பதில் 43 சதவீதம்தான். மங்கள்யானின் மூன்று தகடுகள் சேர்ந்து 7.56 சதுர மீட்டர், செவ்வாயில் 840 வாட். தொடர்புக்கு 2.2 மீட்டர் ஆன்டெனா கலத்திலும், 32 மீட்டர் தட்டு பெங்களூரு அருகே பையலாலுவிலும் இருந்தன.

பலர் மறப்பது கிரகண நேரத்தை. கோளின் நிழலில் இருக்கும்போது பேட்டரி மட்டும்தான் துணை, பேட்டரி எடை மிக்கது. மங்கள்யானின் பேட்டரி ஒரு மணி 40 நிமிட நிழலைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. திட்டமிட்ட ஆறு மாத ஆயுளுக்கு அது சரியான கணக்கு. கலம் எட்டாண்டை நெருங்கும்வரை உழைத்தது. 2022 ஏப்ரலில் ஏழு மணி நேரத்துக்கும் மேலான நிழலுக்குள் போனது, அதன் பிறகு பேசவில்லை.