மாசக் கடைசியில கை கடிக்குதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிக்கனம் பத்தி எழுதுங்கன்னு கேட்டாலும் கேட்டேன், வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் இடம் இல்ல, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து ஒண்ணா ஆக்கிருக்கேன். உங்க கேள்வி அப்படியே வரலைன்னு கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்க வீட்ல தினமும் இதே சண்டை தான். அவர் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி வீடு பூரா சுத்தி வந்து சார்ஜர், டிவி ப்ளக், செட்டாப் பாக்ஸ்னு எல்லாத்தையும் பிடுங்கிட்டுத் தான் படுப்பார். நான் ஒரு நாள் மறந்துட்டா போதும், "காசு என்ன மரத்துலயா காய்க்குது"ன்னு ஆரம்பிச்சுருவார். ஆனா கரண்ட் பில் மட்டும் அசையவே மாட்டேங்குது.

பதில்: அவரோட அக்கறைல தப்பு இல்லம்மா, கை வெக்கற இடம் தான் தப்பு. கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை கிடையாது, 1000 வாட்ஸ் இழுக்கற பொருள் 1 மணி நேரம் ஓடினா 1 யூனிட், அவ்ளோ தான். போன் மாட்டாம சும்மா சொருகி இருக்கற சார்ஜர் அரை வாட் இழுக்குதுன்னே வெச்சுக்கோங்க, இப்ப வர்றது பலதும் அதைவிடக் கம்மியா தான் இழுக்கும். அது வருஷம் பூரா ராப்பகலா சொருகியே கிடந்தா கூட 4 யூனிட் சொச்சம் தான் வரும். இப்ப பாத்ரூம் பக்கம் வாங்க. 2000 வாட்ஸ் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் ஓடினா ஒரு நாளைக்கே 1 யூனிட் ஆச்சு. சார்ஜர் ஒரு வருஷம் உக்காந்து தின்னதை ஹீட்டர் 5 நாளுக்குள்ள தின்னு முடிச்சுரும்!

அதனால வீட்ல எதெல்லாம் சூடு பண்ணுது, எதெல்லாம் குளிர வெக்குதுன்னு மட்டும் பாருங்க. ஹீட்டர், ஏசி, அயர்ன் பாக்ஸ், கரண்ட் அடுப்பு, துணி காய வெக்கற மெஷின், பில்லுல முக்கால்வாசி சண்டை அங்க தான். பாத்திரத்தை மூடி போட்டு சமைக்கறது, துணிய பச்சத் தண்ணில துவைக்கறது, சேர்த்து வெச்சு ஒரே தடவையா அயர்ன் பண்றதுன்னு சின்னதா தெரியற இதெல்லாம் சார்ஜரை விட பல மடங்கு மிச்சம் பண்ணும். வாஷிங் மெஷின்ல சுடுதண்ணி செட்டிங் போட்டா கரண்ட்ல பெரும்பகுதி தண்ணி காய்ச்சவே போயிடும், துணிய சுத்தறதுக்கு ஆகறது கொஞ்சம் தான்.

ஃபிரிட்ஜ் வேற ரகம். வாட்ஸ் கம்மி, ஆனா லீவே கிடையாது. கதவு ரப்பர் சரியா இருக்கான்னு ஒரு தாளை நடுவுல வெச்சு மூடி இழுத்துப் பாருங்க, இழுத்த இழுப்புக்கு லேசா வழுக்கிட்டு வந்துட்டா ரப்பர் போச்சு, குளிர் வெளிய போகுதுன்னு அர்த்தம். உள்ள 4 டிகிரி போதும், ஃப்ரீசருக்கு மைனஸ் 18, அதுக்கு கீழ இறக்கறது வீண். அப்புறம் பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு இன்னும் இருந்தா இன்னைக்கே மாத்துங்க, அதே வெளிச்சத்துக்கு எல்இடி 8, 9 வாட்ஸ் தான் எடுக்கும்.

ஒண்ணு மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கு. செட்டாப் பாக்ஸ் சிலது ரிமோட்ல அணைச்ச பிறகும் 10 வாட்ஸ் வரை இழுத்துட்டே இருக்கும், வருஷத்துக்கு 87 யூனிட் வரும். அதை அவர் பிடுங்கட்டும், சார்ஜரை விட்டுரச் சொல்லுங்க.

கேள்வி: பெரிய பாக்கெட்டா, ஆஃபர்ல அள்ளிப் போட்டா லாபம்னு எல்லாரும் சொல்றாங்கன்னு மாச ஆரம்பத்துல வாங்கிக் குவிச்சுடறேன், கடைசி வாரத்துல கையில ஒண்ணும் இல்லாம நிக்கறேன். லாபம் எங்க போகுது?

பதில்: லாபம் அலமாரில உக்காந்திருக்கு, அதான் கையில இல்ல. கடைல நிக்கும்போது பாக்கெட் விலைய மறந்துருங்க, 100 கிராம் என்ன விலை, 100 மில்லி என்ன விலைன்னு போன்ல வகுத்துப் பாருங்க. பெருசு பல சமயம் மலிவு தான், ஆனா எப்பவும் இல்ல, நடு சைஸ் பெருச விட மலிவா இருக்கறதை நீங்களே கண்ணால பாப்பீங்க. விலை ஏத்தாம பாக்கெட்டை இளைக்க வெக்கற வேலையும் நடக்கும், 500 கிராம் இருந்தது அதே விலைல 450 ஆச்சுன்னா அது 11% விலையேத்தம், ஆனா ராப்பர்ல "புதிய பொலிவுடன்"னு மட்டும் தான் போட்டிருக்கும்.

ஆஃபர் கணக்கும் அப்படித் தான். "50% எக்ஸ்ட்ரா"ன்னா பாதி விலை இல்ல, மூணுல ஒரு பங்கு தள்ளுபடி. "50% அதுக்கு மேல 20%"ன்னா 70 இல்ல, 60 தான், ஏன்னா அந்த 20 மிச்சம் இருக்கற பாதிக்குத் தான். "2 வாங்கினா 1 இலவசம்" உங்களுக்கு மூணும் வேணும்னா மட்டும் தான் லாபம், இல்லைன்னா ஒண்ணு வாங்க வந்து ரெண்டுக்கு காசு குடுத்துட்டுப் போறீங்க.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. பெரிய டப்பா வீட்ல இருந்தா கை தாராளமா போகும். துணி சோப்புத் தூளைப் பாருங்க, சின்ன பாக்கெட்ல அளந்து போடற அதே ஆள் பெரிய வாளில கைய விட்டு அள்ளிப் போடுவாங்க. அளவுக்கு மேல போட்ட தூள் அழுக்கை அதிகம் எடுக்காது, துணில தங்கி இன்னும் ரெண்டு தடவை அலச வெக்கும், தண்ணியும் போச்சு. உள்ள ஒரு ஸ்பூன் போட்டு வைங்க. கெட்டுப் போகாத, கண் முன்னாடி இருந்தாலும் அதிகமா செலவாகாத பொருளை மட்டும் பெருசா வாங்குங்க. நொறுக்குத் தீனிய பெரிய பாக்கெட்டா வாங்கி "ஒரு மாசம் வரும்"னு நம்பற குடும்பத்தை நான் இன்னும் பாக்கல.

கேள்வி: 3 வருஷமா நோட்டு போட்டு கணக்கு எழுதறேன் மேடம், ஒரு டீ செலவு கூட விடாம. ஆனா 20 தேதி தாண்டினா அதே திண்டாட்டம். சம்பளத்துல 50% அவசியத்துக்கு, 30% ஆசைக்கு, 20% சேமிப்புக்குன்னு பிரிக்கற 50-30-20 முறையையும் ட்ரை பண்ணிப் பாத்துட்டேன், அந்த 30க்கு எல்லாம் எங்க போறது?

பதில்: நீங்க எழுதறது செலவு ஆன பிறகு, அது வரலாறு. 1904ல ஜப்பான்ல ஹானி மோட்டோகோன்னு ஒரு பெண் பத்திரிகையாளர் வீட்டுக் கணக்கு நோட்டு ஒண்ணு வெளியிட்டாங்க, ககேபோன்னு பேரு, இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா அந்தப் பழக்கத்தைப் பத்தி பேசறாங்க. அதுல முக்கியமே முன்கூட்டியே எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சு எழுதிடறது தான். செலவை எழுதறது அதோட ஒத்துப் பாக்கறதுக்கு. நீங்க ரெண்டாவது பாதிய மட்டும் பண்ணிட்டு இருக்கீங்க.

50-30-20 வரலைன்னு வருத்தப்படவே வேணாம். வருமானம் குறையக் குறைய அதுல சாப்பாட்டுக்குப் போற பங்கு கூடும்னு எர்ன்ஸ்ட் எங்கெல்னு ஒரு ஜெர்மன் புள்ளியியலாளர் 1857லயே சொல்லிட்டார். சாப்பாடும் வாடகையுமே முக்கால்வாசிய எடுத்துட்டா ஆசைக்கு 30 எங்கிருந்து வரும், அது கொஞ்சம் கை நிறைய சம்பளம் வாங்கறவங்களுக்கான கணக்கு.

உங்க 20 தேதி பிரச்சனைக்கு நான் சந்தேகப்படற ஆள் வேற. நோட்டை எடுத்து வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் வந்த செலவுகளைத் தனியா வட்டம் போடுங்க. ஸ்கூல் ஃபீஸ், இன்சூரன்ஸ், வண்டி சர்வீஸ், வரி, கண்ணாடி மாத்தினது, பல் டாக்டர். இதெல்லாம் "எதிர்பாராத செலவு"ன்னு எழுதிருப்பீங்க, ஆனா ஒவ்வொரு வருஷமும் தவறாம வருதே, அப்புறம் என்ன எதிர்பாராதது? மொத்தமா கூட்டி 12ஆல வகுங்க. வருஷத்துக்கு 24,000 வந்தா மாசம் 2,000 உங்களோடது இல்ல, சம்பளம் வந்த அன்னைக்கே வேற அக்கவுண்ட்ல, இல்ல ஒரு கவர்ல போட்டு மறந்துருங்க. முதல் வருஷம் கொஞ்சம் இடிக்கும், ஏன்னா அடுத்த ஃபீஸ் 4 மாசத்துல வருதுன்னா அதை 12ஆல இல்ல, 4ஆல தான் வகுக்கணும். அந்த ஒரு சுத்து தாண்டிட்டீங்கன்னா 20 தேதில இருந்து 27, 28 வரைக்கும் தள்ளிரலாம். டீ கணக்கை விடுங்க, டீ குடிங்க.

கேள்வி: அக்கா, சீரோ வட்டி இஎம்ஐல புது போன் எடுக்கலாமா? பழசு பாதி நாள் கூட சார்ஜ் நிக்கல. கார்டுல ஏற்கனவே கொஞ்சம் பாக்கி இருக்கு, மினிமம் கட்டிட்டு வர்றேன். தனியார்ல 12% ஃபிளாட் வட்டிக்கு கடன் குடுக்கறாங்க, அதை வாங்கி எல்லாத்தையும் முடிச்சுடலாமான்னும் யோசனை.

பதில்: தம்பி, ஒரே கேள்வில மூணு குழி வெச்சிருக்கீங்க. முதல்ல ஃபிளாட் வட்டி. 12,000 கடன், 12% ஃபிளாட், 12 மாசம்னு வெச்சுக்கோங்க. வட்டி 1,440, மொத்தம் 13,440, மாசம் 1,120. பாக்க 12% மாதிரி தான் இருக்கு. ஆனா மாசாமாசம் அசலைத் திருப்பிக் குடுத்துட்டே வர்றீங்க இல்ல, கடைசி மாசம் உங்க கையில ஆயிரம் சொச்சம் தான் அவங்க காசு இருக்கு, வட்டி மட்டும் முழு 12,000க்கும் கட்டறீங்க. குறையற பாக்கிக்கு கணக்கு பண்ணினா அது வருஷத்துக்கு 21.5% கிட்ட வரும். அதனால யார் வட்டி சொன்னாலும் "ஃபிளாட்டா, குறையற பாக்கிக்கா?"ன்னு கேளுங்க, பதில் சொல்லத் தயங்கினாங்கன்னா வந்த வழியே திரும்பிருங்க.

ஆனா கார்டு அதைவிட மோசமா இருக்கலாம், ஸ்டேட்மென்ட்ல பாருங்க. மாசம் 3%னு போட்டிருந்தா வருஷத்துக்கு 36 இல்ல, வட்டிக்கு வட்டி சேர்ந்து 42% தாண்டும். மினிமம் கட்டறதுல லேட் ஃபீஸ் தப்பும், அவ்ளோ தான், அசல் அசையாது. அதோட பாக்கி வெச்சிருக்கும்போது பெரும்பாலான கார்டுல புதுசா வாங்கறதுக்கும் வட்டியில்லாத நாள்னு ஒண்ணு கிடைக்காது, தேய்ச்ச அன்னைக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சுரும். அதனால பாக்கி தீர்ற வரை கார்டை வீட்ல வைங்க, பர்ஸ்ல வேணாம். 42% கடனை 21% கடன் வாங்கி அடைக்கறது கணக்குப்படி சரி தான், ஆனா பாதிப் பேர் அடைச்ச கார்டை மறுபடி தேய்ச்சு ரெண்டு கடனா ஆக்கிடறாங்க. உங்களைப் பத்தி உங்களுக்குத் தான் தெரியும். முதல் வேலையா கார்டு கொடுத்த பேங்க்லயே பாக்கிய தவணையா மாத்தித் தர முடியுமா, என்ன வட்டின்னு கேட்டுப் பாருங்க.

போன் விஷயம். "சீரோ வட்டி"ன்னா முழுசா காசு குடுத்தா என்ன விலைன்னு கேளுங்க. காசுக்கு குறைச்சு, இஎம்ஐக்கு முழு விலைன்னா வட்டி விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கு, பிராசஸிங் ஃபீஸ்னு தனியாவும் ஒண்ணு வரும். அதெல்லாம் இருக்கட்டும், நீங்க சொன்ன குறைய பாத்தா போன் கெடல, பேட்டரி தான் தேஞ்சிருக்கு. லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினாலே கொள்ளளவு குறையறது இயற்கை தான். பேட்டரிய மட்டும் மாத்த என்ன ஆகும்னு கேட்டுட்டு வாங்க, புது போன் விலைல சின்ன பங்கு தான் வரும். சாஃப்ட்வேர் அப்டேட் இன்னும் வந்துட்டு இருக்குன்னா யோசிக்கவே வேணாம், பேட்டரி மாத்திட்டு ஓட்டுங்க.

கேள்வி: மலிவா வாங்கி அடிக்கடி மாத்தறதா, நல்லதா ஒரே தடவை வாங்கறதா?

பதில்: நல்லதா வாங்கச் சொல்றது சுலபம், கையில அவ்ளோ மொத்தமா இருந்தா நீங்க ஏன் கேக்கப் போறீங்க! 1,000க்கு வாங்கி ஒரு வருஷத்துல பிஞ்சு போற செருப்பை விட 2,500க்கு வாங்கி 4 வருஷம் வர்றது மலிவு தான், ஆனா அந்த 2,500 ஒரே நாள்ல வேணும். அதனால எல்லாத்தையும் ஒண்ணா மாத்தாதீங்க, தினமும் தேயற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கோங்க, அடுத்தது அடுத்த வருஷம். வருஷத்துக்கு ரெண்டு தடவை தொடற ஏணி, டிரில்லிங் மெஷின் மாதிரி சாமானுக்கு மலிவு போதும், பக்கத்து வீட்ல இரவல் இன்னும் நல்லது. விலை அதிகம்னாலே தரம்னு நம்பிடாதீங்க, தையலை இழுத்துப் பாருங்க, சோல் தைச்சிருக்கா வெறும் பசையான்னு பாருங்க, மெஷின்னா ஸ்பேர் பார்ட் கிடைக்குமான்னு கேளுங்க. கரண்ட் வயர், ப்ளக், கேஸ் டியூப், இதுல மட்டும் மலிவு பாக்கவே கூடாது.

கேள்வி: தேதி முடிஞ்ச பாக்கெட்டை மருமகள் தூக்கிப் போடறாள், எனக்கு மனசு பதறுது. நாங்க எல்லாம் தேதி பாத்தா வளந்தோம்?

பதில்: ஐயா, ரெண்டு பேர் சொல்றதும் பாதிப் பாதி சரி. "பெஸ்ட் பிஃபோர்"னு இருந்தா அது ருசி, மொறுமொறுப்புக்கான தேதி. பிரிக்காம, சொன்னபடி வெச்சிருந்த பாக்கெட் அந்தத் தேதிக்கு மறுநாளே விஷம் ஆகிடாது, முகர்ந்து பாத்துட்டு பயன்படுத்தலாம். "யூஸ் பை"னு இருந்தா அது பாதுகாப்புத் தேதி, அங்க மருமகள் சொல்றதைக் கேளுங்க, வாசனை நல்லா இருந்தாலும் வேணாம். டின் உப்பியிருந்தா தேதியே பாக்காம தூக்கிப் போடலாம். மருந்துக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

கேள்வி: பழசு வாங்கலாமா? எதை வாங்கலாம்?

பதில்: மரச்சாமான், சைக்கிள், புத்தகம், குழந்தைத் துணி, பாத்திரம் எல்லாம் தாராளமா வாங்கலாம், குழந்தைத் துணி எல்லாம் பிள்ளைங்க வளர்ற வேகத்துல பாதி புதுசாவே வரும். ஹெல்மெட்டும் கார்ல வெக்கற குழந்தை சீட்டும் வேணவே வேணாம், ஒரு தடவை அடிபட்டிருந்தா வெளிய தெரியாது, உள்ள வலு போயிருக்கும். மெத்தையும் வேணாம், மூட்டைப்பூச்சி கூடவே குடி வந்துரும். பழைய ஃபிரிட்ஜ் மலிவா வருதுன்னா எவ்ளோ கரண்ட் தின்னும்னு பாருங்க, 15 வருஷப் பழசுன்னா மிச்சம் பிடிச்ச காசை பில்லா கட்டிருவீங்க. எதை வாங்கினாலும் அவங்க வீட்லயே சுவிட்ச் போட்டு கால் மணி நேரம் ஓட விட்டுப் பாத்துட்டு காசைக் குடுங்க, "நேத்து வரை ஓடிச்சு"ன்னா எடுக்காதீங்க.