'தற்காலிகமாக' மூடிய வார்டு: வழக்குப் போட எத்தனை நாள்?

கேள்வி: லண்டனின் புறநகரில் இருக்கிறோம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டைத் தற்காலிகம் என்று சொல்லி மூடி இரண்டு மாதம் ஆகிறது. அந்த 24 படுக்கைகளும் இனித் திரும்பாது என்கிறார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிய மாமியாரைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போகிறேன். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், சகோதரி. ஆனால் முதலில் காலண்டரைப் பாருங்கள். அரசு அமைப்பின் முடிவு சட்டப்படி சரியா என்று ஹைகோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் நீதிமுறை மீளாய்வு மனுவைத் தாமதமில்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுத்தாலும், சும்மா இருந்து தாமதித்தீர்கள் என்று நீதிபதி நிராகரிக்கலாம். எம்.பி.க்கு எழுதிவிட்டுக் காத்திருந்த நாட்களை யாரும் கழித்துத் தரமாட்டார்கள். நல்ல வழக்குகள் இப்படி வீணாவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வார்டு தேவையா என்பதை நீதிபதி தீர்மானிக்க மாட்டார். முடிவெடுத்த முறை சட்டப்படி சரியா, அதற்கு அதிகாரம் இருந்ததா என்றே பார்ப்பார். 2013-இல் லண்டனின் லூயிஷம் ஆஸ்பத்திரி வழக்கில் மக்கள் வென்றது அதிகாரக் கேள்வியில்தான். கடனில் மூழ்கிய பக்கத்து டிரஸ்டுக்காக (ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்புதான் டிரஸ்ட்) நியமித்த நிர்வாகியின் பரிந்துரையைக் காட்டி, லூயிஷமின் சேவைகளைக் குறைக்க சுகாதார அமைச்சர் முடிவு செய்தார். அதற்கு அவருக்கு அதிகாரமில்லை என்று ஹைகோர்ட் சொன்னது. அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதிசெய்தது. அடுத்த ஆண்டே அரசு சட்டத்தை மாற்றிக்கொண்டது வேறு விஷயம்.

உங்களுக்குப் பொருந்துவது 2006 என்.ஹெச்.எஸ். (அரசு சுகாதார சேவை) சட்டத்தின் 242-ஆம் பிரிவு. சேவையை மாற்றும் திட்டத்தில் அதைப் பயன்படுத்துவோரை டிரஸ்ட் ஈடுபடுத்த வேண்டும் என்கிறது அது. நர்ஸ் பற்றாக்குறையால் திடீரென மூடினோம் என்றால் நீதிமன்றம் ஓரளவு புரிந்துகொள்ளும். அதையே நிரந்தரமாக்குவது புது முடிவு. அதற்கு உங்களைக் கேட்டாக வேண்டும் என்று வலுவாக வாதிடலாம்.

ஆகவே இந்த வாரமே டிரஸ்டுக்கு எழுத்தில் கேளுங்கள்: மூட முடிவெடுத்தது யார், எந்தத் தேதியில், எப்போது திறப்பீர்கள்? அப்புறம் அரசு அமைப்புகளின் முடிவுகளை எதிர்த்து வழக்கு நடத்தும் சொலிசிட்டரை (வழக்கறிஞரை) பாருங்கள். வழக்குக்கு முந்தைய கடிதம் அனுப்பினால், பதில் சொல்ல டிரஸ்டுக்கு வழக்கமாக 14 நாள் தர வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டதால் உங்களுக்கு மிச்சம் சுமார் ஒரு மாதம்தான்; அதில் பாதி இதிலேயே போய்விடும்.

தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் தலையில் விழும். மாமியாருக்கு வருமானமும் சேமிப்பும் குறைவென்றால், அவர் பெயரிலேயே வழக்குப் போட்டு லீகல் எய்டு (வழக்குச் செலவுக்கு அரசு உதவி) கேட்கலாம். பாதிக்கப்பட்ட நோயாளியே அவர்தானே.

காசில்லாத வழியும் ஒன்று உண்டு. விஷயத்தில் தலையிடும்படி சுகாதார அமைச்சருக்கு யாரும் எழுதலாம். எழுதுங்கள், அதனால் அந்த மூன்று மாதக் கெடு மட்டும் நிற்காது.