ராமனும் ஒரு காலத்தில் கணக்கு ஆபீசர்தான்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 50 வயது ஆகிறது. பொன்விழாவில் எந்த முன்னாள் மாணவர்களைக் கௌரவிப்பது என்று சங்கத்துக்குள் சண்டை. விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் போதும் என்கிறது கமிட்டி. என் எம்.எஸ்ஸி. செட்டில் ஒருவர் பேங்க் மேனேஜர், ஒரு தோழி கேன்சர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிரிவில் இருக்கிறார், இன்னொருவன் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறான். கடைக்காரனைக் கூப்பிட்டால், "பிசிக்ஸை விட்டு முப்பது வருஷமாச்சு, நான் வந்து என்னடா பேசறது?" என்று போனை வைத்துவிட்டான். என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர் (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: ஐயா, சென்னை மாநிலக் கல்லூரி 1910-ல் இப்படியொரு விழா எடுத்து, உங்கள் கமிட்டியிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தால் சி.வி. ராமனுக்கு அழைப்பிதழ் போயிருக்காது. 1907-ல் எம்.ஏ. முடித்த கையோடு நிதித்துறைப் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தவர் அவர். பத்து வருஷம் சோறு போட்டது அந்த வேலைதான்; ஆராய்ச்சியெல்லாம் ஆபீஸ் நேரம் போக.

"அவர் நோபல் வாங்கினாரே" என்று கமிட்டி மடக்கும். அதற்கு அன்னா மணியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மாநிலக் கல்லூரியில் 1939-ல் பட்டம் வாங்கி, பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தவர். கட்டுரைகள் வெளிவந்தன, எம்.எஸ்ஸி. இல்லை என்று முனைவர் பட்டத்தை மட்டும் சென்னைப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. இயற்பியல் படிக்க லண்டன் போனவருக்குக் கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. 1948-ல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே தயாரிக்க வழிசெய்தார். வைரத்தை விட்டு மழைமானிக்குப் போனது இறக்கமா? கமிட்டியே சொல்லட்டும்.

உங்கள் கேன்சர் ஆஸ்பத்திரித் தோழிக்கு வருகிறேன். அவர் அங்கே மருத்துவ இயற்பியலாளராக இருந்தால், அவரைத்தான் நான் முதலில் அழைப்பேன். காலையில் முதல் நோயாளி வருவதற்குள் மெஷினை ஓடவிட்டு, வெளிவரும் கதிர்வீச்சு சொன்ன அளவில்தான் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அவர்கள் வேலை. பெரிய சோதனைகளில் மனித உடம்புக்குப் பதில் தண்ணீர்த் தொட்டியை வைப்பார்கள். கதிர்வீச்சைப் பொறுத்தவரை நம் சதையும் ஏறக்குறைய தண்ணீர் மாதிரிதான். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை டாக்டர் சொல்வார். எந்தக் கோணங்களில் செலுத்தினால் பக்கத்து உறுப்பு தப்பும் என்று கணக்குப் போடுவது இவர். எம்.எஸ்ஸி. முடித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒரு வருட டிப்ளமோ படித்து, ஆஸ்பத்திரிப் பயிற்சியும் முடித்தால் இந்த வேலைக்குப் போகலாம் என்று உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பேங்க் மேனேஜரையும் கூப்பிடுங்கள். "இயற்பியல் உங்களுக்கு எப்படிக் கைகொடுத்தது?" என்று மட்டும் மைக்கை நீட்டாதீர்கள். பாவம், மரியாதைக்காக எதையாவது இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டிவரும். (நானும் பிசிக்ஸ் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன்தான். இந்தக் கேள்விக்கு நான் சொல்லாத பொய் இல்லை.) என்ன பரீட்சை எழுதினார், முதல் சம்பளம் எவ்வளவு, எங்கே சறுக்கினார் என்று கேளுங்கள். பையன்களுக்கு வேண்டியது அதுதான். மேடை, பொன்னாடை எல்லாம் காலையோடு போகட்டும். மதியம் லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டர் மேஜைகளை ஒதுக்கி, ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு உட்காரவையுங்கள்.

இன்வெர்ட்டர் நண்பரிடம் இனி போனில் பேசவேண்டாம். கடை சாத்துகிற நேரமாகப் பார்த்து நேரில் போங்கள். பேட்டரி ஆசிட்டில் ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி 1250 இருக்கிறதா என்று பார்க்கிறாரே, அந்த ஹைட்ரோமீட்டரையும் ரிப்பேருக்கு வந்த ஒரு பேட்டரியையும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும், பேச்செல்லாம் வேண்டாம் என்று சொல்லுங்கள். "எங்க வீட்டு பேட்டரி ரெண்டே வருஷத்துல போச்சே, ஏன் சார்?" என்று ஒரு பையன் ஆரம்பித்துவிட்டால் சாயந்திரம் வரை அவரை எழுப்ப முடியாது.